ஒரு தடவை மட்டும் தொடு

ஆஸ்வின் ஒரே ஒரு டம்ளர் டீயோடு அடுப்படியிலிருந்து வந்தான்.

விளக்கு வைக்கிற நேரம். விழுப்புரத்தில் ரயில்வே ஜங்ஷனுக்குப் பின்பக்கத் தெருவில், மாடியில் ஒரே அறையும் ஒரு துண்டு அடுப்படியுமாக இருந்த வீடு. எங்கோ ஒரு எஞ்சின் பெட்டிகளை இடித்துக் கோத்துக்கொண்டிருந்த சத்தமும், கீழ் வீட்டில் மத்தி மீன் வறுபடும் வாசனையும் ஜன்னல் வழியே சேர்ந்து வந்தன. சங்கவி ஜன்னலோர மேசையில் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்வின் அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் கட்டிலில் உட்கார்ந்து, போனைப் பார்த்தபடி டீயைக் குடித்து முடித்தான்.

"எனக்கு?" என்றாள்.

அவன் திரும்பவில்லை. காலையில் கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்ததற்கு இரண்டு பேருக்கும் சின்ன உரசல். பைக் ஷோரூமில் நாள் முழுக்க ஸ்பானர் பிடித்துவிட்டு வருகிறவனுக்கு அந்தக் கோபம் சாயங்காலம்வரை தங்கியிருந்தால் தங்கிவிட்டுப் போகட்டும் என்று அவளே எழுந்து போய் டீ போட்டுக்கொண்டாள். முதல் வாய் குடித்தாள். டீயின் ருசியே இல்லை. நாக்கெல்லாம் சாம்பிராணிப் புகை. டம்ளரை அப்படியே கழுவுதொட்டியில் கவிழ்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவன் இரண்டு டம்ளரோடு வந்தான்.

"நேத்து மட்டும் என்ன, எனக்கு இல்ல?"

"நேத்தா? நேத்து நீ எங்க இருந்த? வந்து பாத்தா ஆளக் காணோம். கீழ் வீட்டுல பேசிக்கினு இருப்பன்னு வுட்டுட்டேன்."

"இங்கதான உக்காந்துக்கினு இருந்தேன்!"

"கலாய்க்காத சங்கவி," என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். டீ டீயாகத்தான் இருந்தது.

சங்கவியின் பிழைப்பு கதை விளையாட்டுகள். திரையில் ஒரு படம் வரும், கீழே வசனம் ஓடும், ஆடுகிறவர் எதைத் தொடுகிறாரோ அதை வைத்துக் கதை திசை மாறும். சென்னையில் ஒரு சின்ன கம்பெனிக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை செய்தாள். கதை எழுதுவது வேறு யாரோ. இவள் வேலை பொத்தான்கள். திரையில் இருக்கும் கதவைத் தொட்டால், கதவு திறந்தாகிவிட்டது என்று விளையாட்டு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஞாபகத்துக்கு ஒரு பெயர் கொடுத்து, தொடுகிறபோது அதன் மதிப்பு மாறுமாறு செய்வாள். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று 'செட்'. நூறு தடவை தொட்டாலும் கதவு திறந்தே இருக்கும். இன்னொன்று 'டாகிள்'. தொட்டால் திறக்கும், மறுபடி தொட்டால் மூடும். எப்படி இருக்கிறதோ அதற்கு நேர் எதிராகத் திருப்பிவிடும். எந்த இடத்தில் எது என்று தெரிவதுதான் அந்த வேலையில் பாதி.

அவளுடைய அப்பா துரைக்கண்ணுவுக்கு இந்த வித்தியாசமெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருக்கிற மனுஷன். மகள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பையனை, அதுவும் வேறு சாதிக்காரனை, ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டாள் என்று தெரிந்த அன்றைக்கே தலைமுழுகினார். மறுநாள் தெருமுனையில் பேனர் ஏறியது. கண்ணீர் அஞ்சலி. பெயர், போட்டோ, பிறந்த தேதி. இறந்த தேதி என்ற இடத்தில் கல்யாணத் தேதி. உயிரோடிருக்கிற பெண்ணுக்குச் சாவு தேதி போட்டுத் தரச் சொன்னால் பேனர் கடைக்காரனாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்ன சைஸ் என்று மட்டும் கேட்டானாம். அதே போட்டோவைச் சட்டம் போட்டு, சாமந்தி மாலை சாத்தி, வீட்டுக் கூடத்தில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அம்மா காந்திமதி அதைத் தொட்டு அழக்கூடாது என்று உத்தரவும் போட்டார். அப்பா போட்டது 'செட்'. யார் அழுதாலும் மாறாது.

சங்கவி மாதக்கணக்கில் அழுது தீர்த்தாள். அப்புறம் வயிற்றெரிச்சலில் ஒரு விளையாட்டு செய்தாள்.

கம்பெனிக்காக இல்லை. ஒரே ஒருத்திக்காக. திரையில் அவர்கள் வீட்டுக் கூடம்: பச்சை டிஸ்டெம்பர் சுவர், கடிகாரம், பக்கத்தில் மாலை போட்ட அவள் போட்டோ. போட்டோவைத் தொட்டால் மாலை மறையும், வாசல் கதவு திறக்கும், வாசலில் ஒரு பெண் நிற்பாள், அம்மாவின் வசனம் கீழே வரும்: "உள்ள வாடி." அவ்வளவுதான் முழு விளையாட்டும். ஞாபகத்துக்கு 'உயிர்' என்று பெயர் வைத்தாள். ஆரம்ப மதிப்பு, இல்லை. தொட்டால், உண்டு. போனை அணைத்துவிட்டுத் திறந்தாலும் கடைசியாக இருந்த நிலை அப்படியே இருக்கும்படியும் செய்திருந்தாள். ஒரு தடவை கழற்றின மாலை கழற்றினபடியே கிடக்கட்டும் என்று ஆசை.

சித்தப்பா மகள் செந்தாமரைதான் அதை அம்மாவின் போனில் ரகசியமாக ஏற்றிக்கொடுத்தாள். பக்கத்து வீடு, மயிலத்தில் காலேஜ் படிக்கிறாள், பெரியப்பாவுக்குப் பயப்படாத ஒரே ஜீவன் அவள்தான்.

அது முடிந்த மறுநாள்தான் ஆஸ்வின் ஒற்றை டீயோடு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

அடுத்த வாரம் ஒரு நாள், அதே நேரம், தெருவிளக்கு எரிந்தும் எரியாத நேரம், சங்கவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டு மீன் வாசனை சட்டென்று நின்றது. யாரோ மூக்குக்கு முன்னால் தட்டில் ஏந்தினாற்போல சாம்பிராணி மணத்தது. கழுத்தில் ஏதோ கனமாக, ஈரமாக ஏறியது. கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கழுத்து காய்ந்துதான் இருந்தது. ஈரம் மட்டும் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது.

மாடிப்படியில் ஆஸ்வின் ஏறி வரும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தான். அறையைச் சுற்றிப் பார்த்தான். போனை எடுத்து எண்ணை அழுத்திக் காதில் வைத்தான். அவள் போன் மேசைமேல் அவன் கண்ணுக்கு எதிரே கிடந்தது. அது அடிக்கவில்லை. அவன் காதோரத்திலிருந்து அந்தப் பதிவுக் குரல் அவளுக்கும் கேட்டது. தாங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை.

"ஆஸ்வின், விளையாடாத."

அவன் தோளைத் தொட்டாள். அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

அன்றிரவு அவள் அவனுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தாள். கத்தினாள், உலுக்கினாள், அழுதாள். அவன் கட்டிலின் நடுவில் புரண்டு வந்து கையைக் காலை நீட்டிக்கொண்டான். அவள் தரைக்கு இறங்கினாள். மறுநாள் முழுக்கப் பசிக்கவில்லை, தாகம் எடுக்கவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கழுத்திலிருந்து கனம் இறங்கியது. மத்தி மீன் வாசனை வந்தது. கதவைத் திறந்துகொண்டு வந்தவன், "என்னடி, அழுத மாதிரி இருக்க?" என்றான்.

சொன்னாள். பொறுமையாகக் கேட்டான். வேலை அதிகம், ஒரு தடவை டாக்டரைப் பார்க்கலாம் என்றான். நல்லவன்தான். நல்லவனிடம் சொன்னால் மட்டும் எல்லாம் நம்பும்படி ஆகிவிடுமா?

அதற்கப்புறம் சாயங்காலம் என்றாலே அவளுக்குப் பயம். வெயில் சுவரில் ஏற ஏற, சீக்கிரம் இருட்டிவிடக்கூடாதே என்று வேண்டிக்கொள்வாள். சில நாள் ஒன்றும் நடக்காது. சில நாள் கனம் ஏறி அடுத்த நொடியே இறங்கிவிடும். சில நாள் ஏறினது இறங்காது.

அப்படி இறங்காத ஒரு நாளில்தான் ஆஸ்வின் வளவனூரில் இருக்கிற தன் அம்மாவிடம் போனில் பேசினான். அவள் அவனுக்கு எதிரே, அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு வருஷம் ஆவப்போவுதும்மா. அவ துணியெல்லாம் அப்டியே கெடக்குது. யாருக்குனா குடுத்துடவான்னு பாக்கறேன்... இல்லம்மா, வேற பொண்ணுலாம் இப்ப பேசாத. கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்தப்பவே போய்ட்டாளே... ஒரு நாள்கூட வாழலியேம்மா."

பேனரில் அப்பா போட்ட தேதி.

அவன் மாதா படத்துக்குப் பக்கத்தில் அவள் போட்டோவை வைத்து, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, சிலுவை போட்டுக்கொண்டான். மறுநாள் கனம் இறங்கினதும் அவனுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. போட்டோ அலமாரிக்குள் அதன் இடத்தில் இருந்தது. ஆனால் மாதாவுக்குப் பக்கத்தில் மெழுகு சொட்டி உறைந்திருந்தது. அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். புது மெழுகு.

செந்தாமரை அந்த வாரம் காலேஜ் பஸ் ஸ்டாப்பிலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, உன் கேம் பெரியம்மாவுக்கு உசுரு. டெய்லி வெளக்கு வச்சதும் போன எடுத்துக்கினு சாமி ரூமுக்குள்ள போய்டறாங்க."

"ஆடறாங்களா? மால கழண்டுதா? வசனம் வந்துதுன்னு சொன்னாங்களா?"

"எங்க? அவங்களுக்கு அது கேம்னே தெரில. சாமி படம் மாதிரி உன் போட்டோவத் தொட்டுத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறாங்க. சோத்தாங்கண்ணுக்கு ஒரு தடவ, பீச்சாங்கண்ணுக்கு ஒரு தடவ. கண்ண இறுக்கி மூடிக்கினு. தொறந்து பாத்தா செல நாள் மால இருக்குதாம், செல நாள் இல்லியாம். கண்ணு மங்கிப்போச்சுன்னு நெனச்சிக்கறாங்க, பாவம்."

சங்கவி போனைக் காதில் இடுக்கிக்கொண்டாள். லேப்டாப்பைத் திறந்தாள். போட்டோவுக்குப் பின்னால் எழுதியிருந்ததைப் பார்த்தாள்.

டாகிள்.

செய்து பார்க்கும்போது மாலையை மாட்டி மாட்டிக் கழற்ற வசதியாக இருக்கட்டும் என்று டாகிள் வைத்திருந்தாள். அனுப்புகிறபோது 'செட்' ஆக மாற்ற வேண்டும் என்று நினைத்திருந்தாள். மாற்றவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்கிற தப்பு. அம்மா தொட்டால் மாலை கழலும். மறு கண்ணுக்கு மறுபடி தொட்டால் ஏறிக்கொள்ளும். விளக்கெண்ணெய் பிசுக்கு விரலை ஒரு தடவை போன் திரை ஏற்காமல் விட்டால், கணக்கு மாறி மறுநாள்வரை அப்படியே நிற்கும்.

"செந்தாமரை, நேத்து அம்மா போன பாத்தியா? மால இருந்துதா?"

"நேத்து இல்லக்கா. முந்தாநாள் இருந்துது. ஏன்?"

முந்தாநாள்தான் மெழுகுவர்த்தி.

ராவோடு ராவாக உட்கார்ந்து 'செட்' வைத்து வேறு ஒன்று செய்து அனுப்பினாள். ஏன் எதற்கு என்று கேட்காதே, பழையதை எடுத்துவிட்டு இதைப் போடு என்று செந்தாமரையைக் கெஞ்சினாள். ஆனால் மறுநாள் திண்டிவனத்து வீட்டில் விசேஷம். ஒரு வருஷம் ஆகியிருந்தது. செத்தவளுக்குச் செய்கிறதைக் குறைவில்லாமல் செய்யணும் என்று துரைக்கண்ணு திதிக்கு ஏற்பாடு பண்ணியிருந்தார்.

மத்தியானம் செந்தாமரையின் குரல் பதிவு வந்தது. "புதுசு போட முடிலக்கா. பெரியப்பா நகராம இங்கியே குந்திக்கினு இருக்காரு. ஆனா பெரியம்மாகிட்ட சொல்லிட்டேன். இன்னிக்கி கண்ணத் தொறந்துக்கினு, ஒரே ஒரு தடவ மட்டும் தொடணும்னு. சங்கவிக்கா சொல்லுச்சின்னேன். சரின்னு தலையாட்னாங்க."

ஒரே ஒரு தடவை. இப்போது மாலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஒரே ஒரு தடவை தொட்டால் எந்தப் பக்கம் திரும்பும்? சங்கவி செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்வரை எல்லாம் சரியாக இருந்தது. கூட்டேரிப்பட்டு நெருங்கும்போது சாம்பிராணி மணத்தது. பஸ்ஸில் யாரும் மூக்கை உறிஞ்சவில்லை. கழுத்தில் கனம் ஏறியது. திதி நாளாயிற்றே, அம்மா தலைக்குக் குளித்துவிட்டு ஒரு தடவை ஒற்றிக்கொண்டிருப்பாள். கூட்டேரிப்பட்டில் ஏறின ஒரு பெரியவர், காலி சீட்டைக் கண்ட நிம்மதியோடு, அவள் மேலேயே உட்கார வந்தார். துள்ளி எழுந்து மிச்ச தூரத்தை நின்றபடி வந்தாள்.

அழவில்லை. அவளுக்கு உள்ளே ஒரு கசந்த சந்தோஷம்கூட இருந்தது. இப்போது மாலை இருக்கிறது. இனி ஒரே ஒரு தொடுகைதான் பாக்கி. கண்ணைத் திறந்துகொண்டு அம்மா தொடுவாள். மாலை கழல்வதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு மறுபடி தொட எந்தத் தாய்க்குக் கை வரும்?

தெருமுனையில் புது பேனர். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அதற்குக் கீழே நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர்களைக் கடந்து போனாள். வீட்டு வாசலில் வழக்கமாகப் படுத்திருக்கும் செவலை நாய் தலையைத் தூக்கவில்லை. வெளிச்சம் இறங்கிவிட்டிருந்தது. கூடத்தில் குத்துவிளக்கு எரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் படி ஏறி, நிலைக்கு வெளியே நின்றாள். உள்ளே கால் வைக்கப் பார்த்தாள். கால் வரவில்லை.

தலைவாழை இலை. சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், வடை, பாயசம். ஓரத்தில் ஒரு தட்டு நிறைய மல்லாட்டை உருண்டை. சின்ன வயதில் மண்டியிலிருந்து அப்பா கொண்டுவரும் மல்லாட்டையில் அம்மா வெல்லப்பாகு ஊற்றிப் பிடிப்பாள். சூடு ஆறுவதற்குள் சங்கவி பாதியைத் தின்றுவிடுவாள். சுவரில் போட்டோ. புது மாலை, தண்ணீர் சொட்டச் சொட்ட. அப்பா பின்கட்டில் கால் கழுவும் சத்தம். செந்தாமரை வாசல் தெரியாத பக்கம் சுவரோரம் நின்றாள். இலைக்கு முன்னால் அம்மா, மடியில் போன்.

"அம்மா," என்றாள் சங்கவி.

கேட்கவில்லை.

அம்மா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். போனைத் தூக்கினாள். கண்ணை மூடவில்லை.

தொட்டாள்.

கனம் இறங்கியது. உள்ளங்காலில் படியின் சூடு ஏறியது. நாய் எழுந்து நின்று, அவளைப் பார்த்துக் குரைத்தது.

அம்மா திரையைப் பார்த்தாள். வாய் பிளந்தது. மெல்ல நிமிர்ந்தாள். வாசலைப் பார்த்தாள்.

இரண்டு பேர் கண்களும் சந்தித்தன. சந்தேகமே இல்லை. அம்மா பார்த்தாள். அவள் முகத்தை, அவள் சுடிதாரை, அவள் கையில் கசங்கியிருந்த பஸ் டிக்கெட்டை. அம்மாவின் கண் நிரம்பியது. உதடு குவிந்தது. சங்கவி எழுதிக்கொடுத்திருந்த வசனத்தின் முதல் எழுத்துக்கு அது குவிந்தது.

"காந்திமதி, யாரு வாசல்ல? நாயி கத்துது?" பின்கட்டிலிருந்து அப்பா.

அம்மா பின்பக்கம் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள். மறுபடி வாசலை.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்பாவின் காலடி.

"யாருமில்லீங்க," என்றாள் அம்மா.

கண்ணைத் திறந்தபடியே தொட்டாள்.

நாய் நின்றுவிட்டது.

கனம். ஈரம். இந்தத் தடவை சாமந்தி வாசனையோடு.

"பெரியம்மா!" செந்தாமரை ஓடி வந்தாள். "ஒரு தடவதான சொன்னேன்!"

"இத அழிச்சுடும்மா," என்று அம்மா போனை நீட்டினாள். குரல் நடுங்கவில்லை. "இருந்தா பேஜாரு."

"வேணாம்," என்று சங்கவி கத்தினாள். "அழிக்காத. செந்தாமரை. இங்க பாரு. இங்க."

செந்தாமரை பெரியப்பா வருவதைப் பார்த்தாள். அவசரமாக ஏதோ அழுத்தினாள். திரை வெறுமையானது.

அப்பா வந்து கற்பூரம் ஏற்றினார். எல்லோரும் கும்பிட்டார்கள். அப்பா வாசலுக்கு வந்து, அவள் நின்ற இடத்தில், அவள் ஊடே, தெருவைப் பார்த்துவிட்டுக் கதவை ஒருக்களித்தார். சந்து வழியே இலை தெரிந்தது. அம்மா தெரிந்தாள்.

"சாப்டு சாமி," என்று அம்மா போட்டோவிடம் அழுதாள். "உனக்குப் புடிச்சதெல்லாம் பண்ணியிருக்கேன். ஆசையா சாப்டு."

சங்கவியின் வாயில் வெல்லம் இறங்கியது. மல்லாட்டை. சூடாக. பல்லை இறுக்கிக் கடித்தாள். துப்பப் பார்த்தாள். தாடை நிற்கவில்லை. தானாக மென்றது. தானாக விழுங்கியது.

அம்மா மூக்கைச் சிந்திவிட்டு இன்னொரு உருண்டையை எடுத்து இலையில் வைத்தாள்.

இருட்டில், கதவுக்கு வெளியே, சங்கவியின் வாய் திறந்தது.